கழுகின் மேல் போட்ட பழி

பட்டியின் கதவை விலக்கியதும் வாத்துகள் பூரணியின் காலை இடித்துக்கொண்டு வெளியே பாய்ந்தன. குளத்துக்குப் போகவேண்டியவை. ஒன்றுகூடக் குளத்தின் பக்கம் திரும்பவில்லை. கழுத்தை முன்னே நீட்டி, இறக்கையை அடித்துக்கொண்டு, மேட்டுப் பக்கத்து முள்கம்பி வேலியை நோக்கி விழுந்தடித்து ஓடின. மேலே ரோட்டில் அழகம்மா விறகுக் கட்டைச் சுமந்துகொண்டு போய்க்கொண்டிருந்தாள். அவள் கூப்பிடக்கூட இல்லை. தொண்டையை ஒருமுறை செருமினாள், அவ்வளவுதான். வேலியோரம் போய் முட்டிக்கொண்டு நின்ற வாத்துகள் கம்பிக்கு நடுவே அலகை நீட்டி அவளைப் பார்த்துக் கத்தின.

பூரணி குச்சியோடு மேடேறி மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு அவளுக்கு மேடு ஏறினால் அடிவயிறு இழுத்துப் பிடிக்கும். ஒரு கையால் வயிற்றை அழுத்திக்கொண்டு மறு கையால் குச்சியை வீசினாள். வாத்துகள் இந்தப் பக்கம் விலகி அந்தப் பக்கம் கூடின.

அழகம்மா விறகுக் கட்டை இறக்காமலே நின்று பார்த்தாள்.

"நாலு தாராவ மடக்கத் துப்பில்ல. காட்டிக்குடுத்து வாங்குன வேலயாச்சே, எப்பிடிக் கைக்கு வரும்?"

"ஒன் வேலயப் பாத்துக்கிட்டு போ."

"எனக்கேதுடி வேல? எஞ் சோலியத்தானே நீ பாக்குற."

சொல்லிவிட்டு, நாக்கை மடக்கி, "தா... தா... தா..." என்று மெல்ல ஒரு சத்தம் கொடுத்தாள். தோட்டத்தில் வாத்தைத் தாரா என்றுதான் சொல்வார்கள். அந்தச் சத்தத்துக்கு வாத்துகள் ஒன்றன் முதுகில் ஒன்று ஏறிக் கம்பியில் மோதின. அழகம்மா அதைக் கண்ணாரப் பார்த்துவிட்டு நடந்தாள். அவள் வளைவு திரும்பி மறைந்த பிறகும் வெகுநேரம் அவை அங்கேயே நின்றிருந்தன. பூரணி ஒவ்வொன்றாக அடித்துத்தான் கீழே இறக்க வேண்டியிருந்தது.

வட்டவளை ஸ்டேஷனிலிருந்து மலையேறி வந்தால் நெட்டைமரத் தேயிலைத் தோட்டம். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியும் அங்கே வெள்ளைக்காரத் துரைதான். பங்களாவுக்குக் கீழே பள்ளத்தில் துரையின் பட்டி இருந்தது. பால் மாடுகள், கோவாவும் லீக்ஸும் போட்ட காய்கறிப் பாத்திகள், பேக்டரிக்குத் தண்ணீர் போவதற்காகக் கட்டிய சின்னக் குளம், குளத்தில் துரைசாணி ஆசையாக வளர்க்கும் வெள்ளை வாத்துகள். அந்த வாத்துகளைக் குஞ்சிலிருந்து வளர்த்தவள் அழகம்மா. அவள் புருஷன் செல்லசாமிதான் தோட்டத்துச் சங்கத் தலைவர். போன வருஷம் வேலைநிறுத்தம் நடந்தது. தோற்றது. செல்லசாமியின் பெயரை வெட்டி, பத்துச்சீட்டைக் கையில் கொடுத்துத் தோட்டத்தை விட்டுத் துரத்தினார்கள். எல்லைக்குள் காலை வைத்தால் போலீஸ் வரும் என்றார்கள். அவர் வேறு தோட்டங்களில் வேலை தேடி அலைந்துகொண்டிருந்தார். அழகம்மாவின் பட்டி வேலையும் போனது, லயத்து வரிசையில் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவும் போனது. தன் தம்பி சோலைமலையின் காம்பராவில் ஒண்டிக்கொண்டு, விறகு பொறுக்கிப் போட்டுக் காலத்தை ஓட்டினாள்.

தோற்றதற்குக் காரணம் பூரணியின் புருஷன் ஆண்டியப்பன் என்பது லயத்தின் முடிவு. அதில் பொய்யும் இல்லை. வேலைநிறுத்தம் மூன்றாம் வாரத்தில் நின்றுகொண்டிருந்தபோது பூரணிக்கு வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடந்தது. தோட்டத்து மருந்துக்காரர் வந்து பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் இரண்டு உயிரும் தங்காது என்றார். லொறி துரையுடையது. ஆண்டியப்பன் கணக்கப்பிள்ளையின் காலில் போய் விழுந்தான். "காலையில கவ்வாத்துக் கத்தியோட பெரட்டுல வந்து நில்லு. இப்பவே லொறி வரும்" என்றான் கணக்கப்பிள்ளை. லொறி வந்தது. பூரணி பிழைத்தாள், பிள்ளை பிழைக்கவில்லை. மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஆண்டியப்பன் கத்தியோடு போய் நின்றான். அவன் தனியாகத் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதைப் பார்த்தவர்களில் சிலர் மறுநாள் வேலைக்கு இறங்கினார்கள், அதற்கடுத்த நாள் பலர் இறங்கினார்கள். ஆனால் முதலில் இறங்கியவனுக்குத்தான் கருங்காலி என்ற பெயர் நின்றது. கூலியோடு கூலியாக, கொழுந்தெடுக்க முடியாத அவன் பெண்டாட்டிக்குப் பட்டி வேலையும் கிடைத்தது.

அன்றைக்கு வலியில் துடித்த பூரணியின் வயிற்றில் விளக்கெண்ணெய் தடவி, தலையை மடியில் வைத்துக்கொண்டு, "யாராச்சும் எங்கிட்டாவது போயி ஒரு லொறியக் கொண்டாங்கடா" என்று கத்தியவள் அழகம்மாதான். அதே வாய்தான் பத்துச்சீட்டு வந்த அன்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அத்தனை பொம்பளைகள் முன்னாலும் சொன்னது: "அன்னிக்கே நீ போய்ச் சேந்திருந்தா இந்தத் தோட்டம் தல நிமுந்து நின்னுருக்கும்." பூரணி குடத்தை வைத்துவிட்டு வந்தவள்தான். அதற்குப் பிறகு பீலிக்குப் போகவில்லை. பட்டியிலிருந்தே தண்ணீர் சுமந்து வந்தாள்.

காலையும் மாலையும் பட்டியைச் சுற்றி வருவது அவள் வேலையில் சேர்த்தி. வாத்துகள் முட்டையைக் கூட்டில் இடாமல் மானாப்புல்லுக்குள் எங்காவது போட்டுவிடும். கீரி வந்திருக்கிறதா, வேலி பிரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குளத்தங்கரையில் தொடங்கி, வாய்க்காலோடு நடந்து, சவுக்கு மரங்களைத் தாண்டி, காட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவே இருக்கும் கிடங்குப் பள்ளத்தின் விளிம்பு வரை போய், மாட்டுத் தொழுவம் வழியாகத் திரும்புவாள். முதலில் குனிந்த தலை நிமிராமல்தான் நடந்தாள். லயத்தில் யாரும் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. பார்த்தால் துப்பினார்கள். மனுஷ முகம் இல்லாமல் எத்தனை நாள் இருப்பது? பார்ப்பதற்கு ஏதாவது வேண்டியிருந்தது அவளுக்கு. பறவைகளைப் பார்க்கத் தொடங்கினாள்.

அழகுக்காகப் பார்த்தாள் என்று சொல்ல முடியாது. அவளுக்குப் பிடித்தது அவற்றின் பகை. வாய்க்கால் கல்லில் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தி, பிடித்த மீனைக் கல்லில் அறைந்து அறைந்து கொல்லும். இன்னொரு மீன்கொத்தி அந்தப் பக்கம் வந்தால் மீனைப் போட்டுவிட்டு அதை விரட்டும். செம்போத்து ஒன்று, பார்த்தால் பெரிய மனுஷி மாதிரி செடிக்கடியில் அசைந்து அசைந்து நடக்கும். நடந்து நடந்து கொண்டைக்குருவியின் கூட்டைக் கண்டுபிடித்து, கண் திறக்காத குஞ்சை விழுங்கிவிட்டு அதே நடையில் திரும்பும். கொண்டைக்குருவிகள் இரண்டும் கத்திக்கொண்டே அதன் தலையில் கொத்தும். கரிச்சான் தன்னைவிட நாலு மடங்கு பெரிய காக்காயைத் தோட்டத்து எல்லைவரை துரத்திக்கொண்டு போகும். எல்லாம் வெளிப்படை. சிரித்துக்கொண்டே லொறி தருகிறேன் என்று எதுவும் சொல்வதில்லை. வாத்துகளும் அப்படித்தான். அவளைப் பிடிக்கவில்லை என்பதை அவை ஒருநாளும் மறைத்ததில்லை. தவிடும் சோறும் பிசைந்து வைத்தால் அவள் நகர்ந்த பிறகுதான் வந்து தின்னும். கிடாவாத்து அவள் கணுக்காலைக் கவ்வித் திருகும். "நல்லாக் கடி" என்று காலை நீட்டிக்கொண்டு அவள் நின்றதும் உண்டு.

கிடங்குக்கு அப்பால், காட்டு விளிம்பில், நெடிய மரம் ஒன்றில் கழுகுகள் கூடு கட்டியிருந்தன. தலையில் குடுமி வைத்த பெரிய கழுகுகள், ஒரு சோடி. மாலையில் சுற்றி வரும்போது பூரணி அந்த விளிம்பில் கொஞ்ச நேரம் உட்காருவாள். ஆண் கழுகு அணிலையோ பாம்பையோ காலில் பிடித்துக்கொண்டு பள்ளத்திலிருந்து எழும்பி வரும். இறக்கையை ஒருமுறைகூட அடிக்காது. காற்றிலேயே சாய்ந்து சாய்ந்து வந்து கூட்டில் இறங்கும். கீழே வெள்ளைவெளேரென்று வாத்துகள் மேய்வது அதன் கண்ணில் படாமல் இருக்காது. ஆனாலும் அது பட்டியின் பக்கம் வந்ததே இல்லை. யாரையும் கண்டுகொள்ளாத அந்தப் போக்கு பூரணிக்கு ஆறுதலாக இருந்தது. அதைப் பார்க்கும் நேரத்தில் மட்டும் வயிற்று இழுப்பு மறந்துபோகும்.

மழை விட்ட மாசத்தில் ஒரு வாத்து காணாமல் போனது. கீரியாக இருக்கும் என்று வேலியெல்லாம் தேடினாள். ரத்தமும் இல்லை, இறகும் இல்லை. அடுத்த கிழமை இன்னொன்று போனது. பிறகு நன்றாக வளர்ந்த பெட்டை ஒன்று. கணக்கப்பிள்ளை பட்டிக்கே வந்துவிட்டான். வெள்ளைக் கால்சட்டையில் சேறு படாமல் கல்மேல் கால் வைத்து நின்றுகொண்டு பேசினான்.

"தொரசாணி சத்தம் போடுது பூரணி. இன்னொன்னு கொறஞ்சா ஒனக்கும் காம்பரா இல்ல, ஒம் புருஷனுக்கும் வேல இல்ல."

"எனக்குத் தெரியலைங்க ஐயா. பூட்டித்தான் வக்கிறேன்."

"ஒனக்குத் தெரியும். அந்தத் தாராவெல்லாம் யாரு கூப்புட்டா போகும்னு தோட்டத்துக்கே தெரியும். அழகம்மான்னு தொர கிட்ட ஒரு வார்த்த சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கிறேன். அவ தம்பியையும் சேத்து அனுப்பிரலாம்."

அவனுக்கு வாத்து ஒரு பொருட்டில்லை. செல்லசாமியின் வேர் ஒன்றுகூடத் தோட்டத்தில் இருக்கக்கூடாது. பூரணிக்கும் அழகம்மாமேல் சந்தேகம்தான். சந்தேகம் என்ன, அவள்தான் என்று நெஞ்சில் எழுதியே வைத்துவிட்டாள். கையும் களவுமாகப் பிடித்து, அதே பீலிக்கரையில் நிறுத்திக் கேட்க வேண்டும் என்று காத்திருந்தாள்.

காட்டிக்கொடுத்தவை காக்காய்கள். ஒருநாள் முற்பகலில் கிடங்குக்குமேல் காக்காய்கள் சுற்றிச் சுற்றிக் கத்தின. அவற்றின் கத்தலை இத்தனை நாளில் அவள் பிரித்தறியப் பழகியிருந்தாள். அது கழுகை விரட்டும் கத்தல் இல்லை, தீனிக்குச் சண்டைபோடும் கத்தல். புல்லைப் பிடித்துக்கொண்டு கிடங்கில் இறங்கினாள். லயத்துக் குப்பை விழும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி வெள்ளை இறகுகள் கிடந்தன. மூன்று வாத்துகள். பழையவை இரண்டும் எலும்பாகியிருந்தன. பெட்டை மட்டும் முழுசாகக் கிடந்தது. கழுத்து திருகியிருந்தது. ஒருவரும் அதைத் தின்றிருக்கவில்லை. உரிக்கக்கூட இல்லை.

சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. கிடங்கின் மறுபக்கம் அழகம்மா கத்தியோடு விறகு தறித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி கொன்ன?" பூரணி பெட்டையைத் தூக்கிக் காட்டினாள். "பசிச்சுத் தின்னாலும் பரவால்ல. என் வேலயக் கெடுக்கவா இத வாயில்லாச் சீவன்னும் பாக்காம திருகிப் போட்ட?"

அழகம்மா நிமிர்ந்தாள். தறித்த விறகைக் காலால் ஒதுக்கினாள். பிறகு, "ஒம் புருஷனக் கேளு" என்றாள்.

"அவர என்னாத்துக்கு?"

"பொழுது சாயுற நேரத்துல கோணிச் சாக்குல கட்டிக் கொண்டாந்து எந் தம்பி வாசல்ல வச்சிட்டுப் போறான். ஒண்ணுஞ் சொல்றதில்ல. திருடன் மாதிரி வச்சிட்டு ஓடுறான். தாராவக் குடுத்து எங்க வாய அடைக்கலாம்னு பாக்குறானா? கருங்காலி கையால வந்தத நாங்க திம்போமா?"

பூரணி பெட்டையைச் சருகின்மேல் இறக்கி வைத்தாள். "தின்ன வேணாம். உசுரோட அவுத்து விட்டிருக்கலாம்ல."

"விட்டா?" அழகம்மாவின் முகம் கோணியது. "விட்டா அதுங்க பட்டிக்கா போவும்? என் வாசல்லதான் வந்து நிக்கும். நாலு பேரு பாத்தா திருட்டுப் பட்டம் எனக்கு. எந் தம்பி குடும்பம் நடுரோட்டுல நிக்கும். கைல வச்சு ஊட்டி வளத்ததுடி அதுங்க. சாக்க அவுத்ததும் என் மொகத்தப் பாத்துச்சு. பாத்துக்கிட்டேதான்..." கத்தியை விறகில் ஓங்கிப் போட்டாள். "போ. போய் அவன்கிட்ட சொல்லு. இன்னொரு தாரா வந்துச்சு, அதத் திருகுன கையால அவன் கழுத்தையும் திருகுவேன்."

அன்று சாயங்காலம் ஆண்டியப்பன் வேலை முடிந்து வந்து இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது பூரணி கேட்டாள். அவன் மறுக்கவில்லை. தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சோலைமலயும் நானும் ஒண்ணா கவ்வாத்து படிச்சவங்க. இப்ப எனக்கு அடுத்த நெரயில நிக்க மாட்டேங்குறான். ஒரு பீடிக்கு நெருப்பு கேட்டா எவனும் குடுக்குறதில்ல. மனுசன் எம்புட்டு நாளைக்கு மரத்தோட பேசுறது? குடுத்துப் பாத்தேன்."

"தாராவக் குடுத்தா பேசிருவாங்களா?"

"பேசாட்டியும் போவுது. திட்டாமயாவது இருப்பாங்கன்னு."

"என் வேலயக் குடுத்து ஒனக்கு ஆளு புடிக்கிற. அது போச்சுன்னா நாம எங்க போறது, யோசிச்சியா?"

ஆண்டியப்பன் அவள் பக்கம் திரும்பினான். இந்த ஒரு வருஷத்தில் அவன் ஒருநாளும் சொல்லாத சொல் அது. அவள் பயந்துகொண்டே எதிர்பார்த்திருந்த சொல்லும் அதுதான்.

"ஒன்ன ஒருத்தியக் காப்பாத்தப் போயித்தானே எனக்கு எல்லாம் போச்சு."

பூரணி அடுப்படிக்குள் போய்விட்டாள். ரொட்டிக்குப் பிசைந்த மாவு கையில் காய்ந்து ஓடு கட்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். அழகம்மா பீலிக்கரையில் சொன்னதும் புருஷன் இஸ்தோப்பில் சொன்னதும் ஒன்றுதான். அவள் உயிரோடு இருப்பதுதான் எல்லோருக்கும் இடைஞ்சல். ஆனால் லொறி கேட்டு அவள் வாய் திறந்தாளா? யாராவது அவளைக் கேட்டார்களா?

மறுநாளே பங்களாவுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. துரை வாசற்படியில் குழாய் புகைத்துக்கொண்டு நின்றார். கணக்கப்பிள்ளை ஒரு படி கீழே, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மேடு ஏறி வரும்போது பூரணி என்ன சொல்வது என்று முடிவு செய்துகொண்டுதான் வந்தாள். அழகம்மா. அந்தப் பெயரை வாய்க்குள் வெற்றிலை மாதிரி அதக்கிக்கொண்டு வந்தாள். புருஷன் கொண்டுபோய் வைத்தான் என்று அழகம்மா சொன்னால், இல்லை என்று சொல்லிவிடலாம். செல்லசாமி பெண்டாட்டியின் பேச்சை அங்கே யார் நம்பப் போகிறார்கள்?

"என்ன பூரணி, தாரா எல்லாம் எங்கே போச்சு? யாரு எடுக்குறது? பயப்படாம சொல்லு" என்றார் துரை.

கணக்கப்பிள்ளை தொண்டையைக் கனைத்தான். "சொல்லும்மா. அன்னிக்கு எங்கிட்ட சொல்ல வந்தியே, அத தொர கிட்டயும் சொல்லு." சொல்லிவிட்டுப் புன்னகை செய்தான். லொறி கேட்டு ஆண்டியப்பன் காலில் விழுந்தபோதும் இதே புன்னகையைத்தான் செய்திருப்பான் என்று அவளுக்குப் பட்டது. வாய்க்கு வந்த பெயர் அப்படியே நின்றுவிட்டது. அழகம்மாமேல் இரக்கம் எதுவும் வரவில்லை. அவன் கேட்டதை இரண்டாவது தடவையும் தங்கள் வீட்டிலிருந்தே எடுத்துக் கொடுக்க அவளால் முடியவில்லை, அவ்வளவுதான்.

"கழுகுங்க தொரைகளே" என்றாள்.

"கழுகு?"

"கிடங்குக்கு அந்தாண்ட மரத்துல கூடு கட்டியிருக்கு. அதுதான் தூக்கிக்கிட்டுப் போவுது. எங் கண்ணால பாத்தேன்."

கணக்கப்பிள்ளையின் புன்னகை போய்விட்டது. துரையின் முகத்தில் அது வந்து ஒட்டிக்கொண்டது. அவர் உள்ளே திரும்பித் துப்பாக்கியைக் கொண்டுவரச் சொன்னார்.

இதை அவள் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. பொய் சொன்னால் பேச்சு முடிந்துவிடும் என்றுதான் நினைத்தாள். துரை முன்னால் நடக்க, அவள் வழி காட்ட வேண்டியிருந்தது. குளம், வாய்க்கால், சவுக்கு மரங்கள், கிடங்கின் விளிம்பு. அவள் தினமும் உட்காரும் கல்லில் துரை பூட்ஸ் காலைத் தூக்கி வைத்தார். "எந்த மரம்?" என்று கேட்டார். பூரணி கையை நீட்டிக் காட்டினாள். கூட்டில் ஏதோ அசைந்தது. கழுகு அப்போது பள்ளத்திலிருந்துதான் எழும்பி வந்துகொண்டிருந்தது. காலில் ஒரு பாம்பு தொங்கியது. அதைத் துரையும் பார்த்திருக்க வேண்டும். வெடி போட்டார். மலை முழுதும் அந்தச் சத்தம் உருண்டது. கழுகு உடனே விழவில்லை. சாய்ந்தபடியே, வழக்கமாகக் கூட்டுக்கு இறங்குவது போலவே இறங்கி வந்தது. கூட்டைத் தாண்டி இறங்கிக் கிடங்குக்குள் போனது.

கணக்கப்பிள்ளை ஆள் விட்டு அதை எடுத்துவரச் செய்து பட்டிக் கதவில் தலைகீழாகக் கட்டினான். மற்றக் கழுகுகள் பார்த்துப் பயப்படுமாம். இறக்கை இரண்டும் விரிந்து மண்ணைத் தொட்டன. வாத்துகள் கதவுப் பக்கம் வரவே மறுத்தன. பூரணி அவற்றைத் தொழுவத்துப் பக்கத்து வேலியைப் பிரித்துத்தான் குளத்துக்கு விட்டாள். சோடியை இழந்த பெட்டைக் கழுகு நாள் முழுதும் மரத்துக்குமேல் வட்டமடித்துக் கூவியது. பூரணி அண்ணாந்து பார்க்கவில்லை.

சாயங்காலம் அழகம்மா பட்டிக் கதவுக்கே வந்தாள். கட்டித் தொங்கவிட்டதை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"எனக்காகவாடி இந்தப் பொய்யச் சொன்ன?"

"ஒனக்காக இல்ல."

"பின்ன யாருக்கு?"

"கணக்கப்புள்ளைக்கு ஒம் பேரக் குடுக்கப் பிடிக்கல. ஒம்மேல இருக்க ஆசையில இல்ல."

"ஒங்கிட்ட எவ கேட்டா?" அழகம்மா கத்தினாள். "மொதல்ல தாராவக் கொண்டாந்து வச்சீங்க. இப்ப பொய்யக் கொண்டாந்து வக்கிறியா? நாளைக்கு லயமே சொல்லும், கருங்காலி பொண்டாட்டி பிச்ச போட்டுத்தான் செல்லசாமி பொண்டாட்டி தப்பிச்சான்னு. இதுக்கு நீ எம் பேரச் சொல்லியிருக்கலாம். ஒன்ன எதுத்து நின்னுருப்பேன்."

"இப்ப என்னா பண்ணணுங்குற?"

"நீ ஒண்ணும் பண்ண வேணாம். பண்ணுனது போதும்."

மறுநாள் காலைப் பெரட்டில் ஆட்களெல்லாம் வரிசையாக நின்றார்கள். துரை அன்று பெரட்டுக்கு வந்திருந்தார். வேலை பிரித்துக் கொடுக்க வாயெடுத்த கண்டாக்கையாவைத் தாண்டிக்கொண்டு அழகம்மா நடுவில் வந்து நின்றாள். பெரட்டில் நிற்க அவளுக்கு உரிமையே இல்லை. அவள் தம்பி சோலைமலை ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தான். உதறிவிட்டாள்.

"தொரைகளே, கழுகு தாராவத் தொடல. கொன்னது நான். இந்தக் கையாலதான் கொன்னேன். கொண்டாந்து எங்க வாசல்ல வச்சது அந்தா நிக்கிறான் ஆண்டியப்பன். எந் தம்பிக்கு ஒண்ணுந் தெரியாது. ஆண்டியப்பன் பொண்டாட்டி சொன்னது பொய்யி."

ஆண்டியப்பன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். பூரணி அழகம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் குடும்பத்தின் சோறு போகிறது என்பது புரிந்தது. ஆனாலும் 'கழுகு தொடல' என்று உரக்கச் சொன்ன அந்த ஒரு வார்த்தையில் நெஞ்சுக்குள் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று நெகிழ்ந்ததையும் அவள் உணர்ந்தாள். அதற்காக அழகம்மாமேல் இன்னும் கோபம் வந்தது.

துரைக்குக் கோபம் வாத்துக்காக வந்ததா, வேலைக்காரி பேச்சைக் கேட்டுச் சுட்டதற்காக வந்ததா என்று தெரியவில்லை. முகம் சிவந்துபோய், இரண்டு குடும்பமும் தோட்டத்தில் நிற்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் பங்களாவுக்குத் திரும்பிவிட்டார். சோலைமலை தப்பினான். கவ்வாத்துக்கு அவனைப் போல் கையோட்டம் உள்ளவன் தோட்டத்தில் இல்லை என்று கண்டாக்கையா எடுத்துச் சொன்னார். ஆண்டியப்பனுக்குப் பத்துச்சீட்டு வந்தது. தான் தோற்கடித்த தலைவருக்குக் கிடைத்த அதே சீட்டு.

வட்டவளை ஸ்டேஷனில் கீழே போகும் ரயிலுக்கு இரண்டு குடும்பமும் ஒரே நாளில் வந்து நின்றன. ஆண்டியப்பனுக்குக் கொத்மலைப் பக்கம் ஒரு மாமன் இருந்தான். நாவலப்பிட்டியில் இறங்கிப் போக வேண்டும். செல்லசாமிக்கு அப்போதுதான் தாழ்நிலத்து றப்பர்த் தோட்டம் ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. பெண்டாட்டியைக் கூட்டிப்போக ஸ்டேஷன்வரை வந்திருந்தார். ஒரு வருஷத்தில் ஆள் பாதியாக இளைத்து, தாடி நரைத்துப் போயிருந்தார். மழை சாரலடித்தது. கூரை இருந்த இடம் கொஞ்சந்தான். அழகம்மா அதன் ஒரு முனையில் தன் மூட்டைமேல் உட்கார்ந்தாள். பூரணி மறு முனையில் பானையை அணைத்துக்கொண்டு தூணில் சாய்ந்தாள்.

ஆண்டியப்பன் வெகுநேரம் மழையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என்ன நினைத்தானோ, செல்லசாமிக்குப் பக்கத்தில் போய், மடியிலிருந்து பீடிக்கட்டை எடுத்து நீட்டினான். செல்லசாமி அந்தக் கையைப் பார்த்தார். அவன் முகத்தைப் பார்த்தார். வெடுக்கென்று தட்டிவிடுவார் என்று பூரணி கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது செல்லசாமி ஒரு பீடியை உருவிப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். களைத்துப்போன ஒரு மனுஷன் குளிருக்குப் பீடி குடிக்கிறான், அவ்வளவுதான். ஆண்டியப்பன் பக்கம் அவர் திரும்பவும் இல்லை. அழகம்மாவும் அதைப் பார்த்துவிட்டாள். எழுந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு, கூரையை விட்டு இறங்கி, சாரலில் போய் நின்றாள். செல்லசாமி, "நனையாத அழகம்மா" என்றார். அவள் நகரவில்லை.

ரயில் வந்தது. மூன்றாம் வகுப்பில் நிற்கவும் இடமில்லை. ஒரு பெட்டியில்தான் ஏற முடிந்தது, இரண்டு குடும்பமும் அதில்தான் ஏறின. ஆம்பளைகள் வாசலோரம் நின்றார்கள். ஜன்னலோரம் எதிரெதிரே இரண்டு இடம் காலியானபோது கூட்டம் பெண்கள் இருவரையும் அதில் தள்ளிவிட்டது. முழங்காலோடு முழங்கால் இடித்தது. அழகம்மா தன் மூட்டையை எடுத்து நடுவில் வைத்தாள். ஒருவர் முகத்தை ஒருவர் பாராதிருக்க ஜன்னல்தான் இருந்தது. இருவரும் அதையே பார்த்தார்கள். தேயிலை குறைந்துகொண்டே போனது. குகைகள் வந்தன. குகை வரும்போதெல்லாம் பெட்டிக்குள் இருட்டும் புகையும் நிறைந்தன. வெளிச்சம் வரும்போது இருவரும் இருந்த இடத்திலேயே, இருந்த மாதிரியே இருந்தார்கள்.

மலை சரிந்து வெளி திறந்தது. கீழே வயல்கள் தெரிந்தன. உழுது தண்ணீர் கட்டிய சேற்று வயல் ஒன்றில் எருமைக்குப் பின்னால் வெள்ளை வெள்ளையாக ஒரு கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. பூரணியின் கை தன்னையறியாமல் பக்கத்தில் குச்சியைத் தேடியது. அவை கழுத்தைத் தூக்கிய பிறகுதான் கொக்குகள் என்று தெரிந்தது. ரயில் ஊதியதும் மொத்தமாக எழும்பி வயலுக்குமேல் பரவின.

அவள் எதிரே பார்த்தாள். அழகம்மா இடத்திலிருந்து பாதி எழுந்து நின்றிருந்தாள். ஒரு கை ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தது. நாக்கு மடங்கி மேலண்ணத்தில் ஒட்டியிருக்க, 'தா' என்று தொடங்கப்போவதுபோல் வாய் சற்றுத் திறந்திருந்தது.